என் பதிவு எங்கே போயிற்று? திரிகளை நகர்த்துவதும் இணைப்பதும்

“என் பதிவைத் தூக்கிவிட்டார்கள்.”

பெங்களூரில் வாழும் தமிழர்கள் கூடிப் பேசும் ஒரு சிறிய இணையக் கருத்துக்களத்தில் சில ஆண்டுகளாக மட்டுறுத்துனராக இருக்கிறேன். வாடகை வீடு, குடிநீர், பள்ளிச் சேர்க்கை, பொங்கலுக்கு ஊருக்குப் போக பஸ் என்று பேச்சு ஓடும் இடம் அது. அங்கே எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்த ஒரு வாக்கியத்தோடுதான் தொடங்கும். எழுதியவரின் கோபம் தெரியும். அதற்கு அடியில், மதிக்காமல் விட்டுவிட்டார்களே என்ற வருத்தமும் தெரியும். தேடிப் பார்த்தால் அவருடைய பதிவு வேறொரு தலைப்பின் கீழ் பத்திரமாக இருக்கும். ஓர் எழுத்துக்கூட மாறியிருக்காது.

அழித்தல், மறைத்தல், பூட்டுதல், நகர்த்துதல், இணைத்தல் ஆகிய ஐந்தும் வெவ்வேறு செயல்கள். பேச்சு வழக்கில் ஐந்துக்கும் “தூக்கிவிட்டார்கள்” என்ற ஒரே சொல்தான். அதனால் ஒருவருக்கு நியாயமாகவே கோபம் வரவேண்டிய இடமும், வரவேண்டாத இடமும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. மட்டுறுத்துனர்கள் தரப்பிலும் தவறு இருக்கிறது. “ஒன்றும் ஆகவில்லை, சும்மா இணைத்தோம்” என்று பதில் எழுதிவிடுகிறார்கள். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மையில்லை. எழுதியது அப்படியே இருக்கும்போதும், அதன் அக்கம்பக்கம் மாறிவிட்டால் அதன் பொருள் மாறிவிடும். அது எப்படி என்று விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

திரி என்றால் என்ன?

ஒருவர் ஒரு கேள்வியோ கருத்தோ எழுதுகிறார். அதற்கு மற்றவர்கள் பதில் எழுதுகிறார்கள். அந்தத் தொடக்கமும் பதில்களும் சேர்ந்ததுதான் திரி. இழை என்றும் சிலர் சொல்வார்கள். திரிகளை ஒழுங்குபடுத்தி, சண்டை முற்றாமல் பார்த்துக்கொள்பவர் மட்டுறுத்துனர். திரிகள் பல சேர்ந்த அறை போன்றது பிரிவு: குடிநீர் ஒரு பிரிவு, வாடகை ஒரு பிரிவு.

கே.ஆர். மார்க்கெட்டில் விடியற்காலையில் பூச்சரம் பார்த்திருப்பீர்கள். நாரில் பூக்கள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். திரியும் அப்படித்தான், பதிவுகள் எல்லாம் ஒரு நாரில் தொடுக்கப்பட்டவை என்றே எல்லோரும் நினைக்கிறோம். திரையில் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. அதனால்தான் “இணைத்தார்கள்” என்றதும், யாரோ சரத்தை அறுத்துப் பூவைப் பிய்த்து எடுத்ததுபோல் மனம் பதறுகிறது.

கணினிக்குள் நார் எதுவும் கிடையாது. அதைப் புரிந்துகொள்ளச் சலவைக்கடைக்குப் போகவேண்டும். முப்பது வீட்டுத் துணிகளும் ஒரே குவியலாகக் கிடக்கும். எந்தச் சட்டை எந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்பதைக் கழுத்துப்பட்டையின் உட்புறத்தில் மையால் போட்ட ஒரு சிறிய குறிதான் சொல்லும். குறியை மாற்றிவிட்டால் சட்டை வேறு வீட்டுக்குப் போய்விடும். துணியில் ஒரு நூல்கூடக் கலையாது.

கருத்துக்களமும் அப்படித்தான் இயங்குகிறது. எல்லாத் திரிகளின் எல்லாப் பதிவுகளும் ஒரே பெரிய அட்டவணையில் கிடக்கின்றன. இப்படி ஒழுங்காக அடுக்கிய அட்டவணைகளின் தொகுப்பைத் தரவுத்தளம் என்கிறார்கள். அதில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரி. அந்த வரியில் பதிவின் எண், எழுதியவர் யார், எழுதிய நேரம், எழுதிய வாசகம், எந்தத் திரியைச் சேர்ந்தது என்ற எண் ஆகியவை இருக்கும். கடைசியில் சொன்ன அந்தத் திரி எண்தான் சலவைக்குறி. நீங்கள் 812-ஆம் திரியைத் திறக்கும்போது, 812 என்ற குறியுள்ள வரிகளையெல்லாம் பொறுக்கி எடுத்து, நேர வரிசையில் அடுக்கி, ஒரு பக்கமாகக் கட்டித் தருகிறது மென்பொருள். அந்தப் பக்கம் நீங்கள் கேட்ட கணத்தில் உருவானது.

ஆக, திரி என்பது ஒரே குறி உள்ள பதிவுகளைத் திரட்டிக் காட்டும் ஒரு பார்வை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் எளிது.

நகர்த்துவதும் இணைப்பதும்

நகர்த்துவது சிறிய வேலை. வாடகைப் பிரிவில் யாரோ டேங்கர் பற்றிக் கேட்டுவிட்டார் என்றால், அந்தத் திரியைக் குடிநீர்ப் பிரிவுக்கு மாற்றுகிறோம். எந்தப் பிரிவில் இருக்கிறது என்று திரியின் மேல் உள்ள ஓர் எண் மட்டும் மாறுகிறது. பதிவுகளின் வரிகளில் பெரும்பாலும் கைவைக்கத் தேவையே இல்லை. தவறாக நகர்த்திவிட்டால் மறு நிமிடமே பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம்.

இதில் ஒரே ஓர் எச்சரிக்கை உண்டு. சில பிரிவுகளை உறுப்பினர்கள் மட்டுமே பார்க்க முடியும். எல்லோரும் பார்க்கும் பிரிவிலிருந்து அப்படிப்பட்ட இடத்துக்குத் திரி போனால், உள்நுழையாமல் படிப்பவருக்கு அது காணாமல் போனதுபோலவே இருக்கும். “அழித்துவிட்டார்கள்” என்ற புகார்களில் பல இங்கேதான் பிறக்கின்றன. புகார் சொல்பவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கண்ணுக்கு அது இல்லைதானே?

இணைப்பது வேறு வகை. 907-ஆம் திரியை 812-உடன் இணைக்கும்போது, 907 என்று குறி போட்ட எல்லா வரிகளிலும் அந்த எண்ணை அழித்து 812 என்று எழுதுகிறது மென்பொருள். இரண்டு தலைப்புகளில் ஒன்றுதான் நிற்கும். இரண்டு தொடக்கப் பதிவுகளில் பெரும்பாலும் காலத்தால் முந்தியது முதலிடத்துக்கு வரும். மற்றது ஒரு சாதாரணப் பதிலாக நடுவில் போய் உட்கார்ந்துவிடும். அந்தத் திரியைத் தொடங்கிய பெருமை அதை எழுதியவரிடமிருந்து போய்விடுகிறது. இது அற்பமான விஷயம் என்று நினைக்காதீர்கள். பத்துப் பேரிடம் விசாரித்து, அலைந்து தகவல் திரட்டி, பொறுப்பாக ஒரு திரி தொடங்கியவருக்கு, தன் எழுத்து யாரோ ஒருவரின் ஒற்றை வரிக் கேள்விக்குப் பதினேழாவது பதிலாகக் கிடப்பதைப் பார்க்க எப்படி இருக்கும்?

இன்னொன்று. நகர்த்தியதைத் திருப்பலாம் என்றேன். இணைத்ததை அப்படி எளிதாகத் திருப்ப முடியாது. இட்லி அரிசியையும் பச்சரிசியையும் ஒரே டப்பாவில் கொட்டியதுபோல்தான். பழைய எண் இருந்த இடத்தில் புதிய எண் எழுதப்பட்டுவிட்டதால், எந்தப் பதிவு எங்கிருந்து வந்தது என்ற தடயமே வரியில் இருக்காது. மென்பொருள் தனியாகக் குறிப்பேடு ஒன்று வைத்திருந்தால் தப்பித்தோம். இல்லாவிட்டால் ஒவ்வொரு பதிவாகப் படித்துப் பொறுக்கத்தான் வேண்டும்.

சுருக்கமாக: நகர்த்தினால் திரியின் இருப்பிடம் மாறுகிறது. இணைத்தால் பதிவுகளின் மேல் உள்ள குறியே மாறுகிறது. இரண்டிலும் நீங்கள் எழுதிய வாசகம் மாறுவதில்லை.

ஏன் ஒரே பேச்சு நான்கு இடத்தில் தொடங்குகிறது?

“தேடிப் பார்த்துவிட்டுத் திரி தொடங்குங்கள்” என்று எல்லாக் கருத்துக்களங்களிலும் விதி எழுதி வைத்திருப்பார்கள். தமிழில் தேடுவது எவ்வளவு கடினம் என்பது அந்த விதியை எழுதியவர்களுக்கே தெரியும்.

ஒருவர் காவிரி என்று எழுதுவார், இன்னொருவர் காவேரி என்பார். அல்சூர், உல்சூர், ஹலசூரு மூன்றும் ஒரே ஏரிக்கரைதான். 2014 நவம்பர் 1 முதல் அரசு ஏடுகளில் ஊரின் பெயர் பெங்களூரு; வீட்டுப் பேச்சில் இன்னும் பெங்களூர். சிலர் தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்வார்கள். தேடுபொறி எழுத்தைத்தான் பார்க்கும், ஊரைப் பார்க்காது.

வேற்றுமை உருபுகளும் சொற்புணர்ச்சியும் சேர்ந்துகொள்கின்றன. தண்ணீர், தண்ணீருக்கு, தண்ணீரை, தண்ணீரில்லாமல், தண்ணீர்ப் பஞ்சம் எல்லாவற்றிலும் நமக்குத் தண்ணீர் தெரிகிறது. முழுச்சொல்லை மட்டும் ஒப்பிடும் எளிய தேடுபொறிக்கு அவை தனித்தனிச் சொற்கள். இதைவிட ஆச்சரியமான ஒன்றைச் சொல்கிறேன். “கொ” என்ற எழுத்தைக் கணினிக்குள் இரண்டு வழிகளில் சேமிக்கலாம். க-வுடன் ஒகரக் குறி ஒன்றாகச் சேர்க்கலாம். அல்லது க-வுடன் கொம்பு ஒன்றும் கால் ஒன்றுமாகத் தனித்தனியாகச் சேர்க்கலாம். இரண்டும் ஒரே எழுத்துதான் என்று, கணினியில் எழுத்துகளுக்கு எண் வழங்கும் உலகத் தரமான யூனிகோட் விதியே சொல்கிறது. ஆனால் அந்த விதியைப் பின்பற்றி ஒப்பிடாத மென்பொருளில், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு “கொடிகேஹள்ளி”களும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது.

எனவே ஒரே கேள்வி மறுபடி மறுபடி கேட்கப்படுவதற்குக் கேட்பவரின் சோம்பலைக் காரணமாகச் சொல்வது பெரும்பாலும் அநியாயம். அவர் தேடியிருப்பார். கிடைத்திருக்காது. இணைக்கும்போது மட்டுறுத்துனர் “ஏற்கெனவே பேசியாயிற்று, தேடிப் பாருங்கள்” என்று கடுகடுப்பதைவிட, “இதே பேச்சு இங்கே நடக்கிறது, வாருங்கள்” என்று எழுதுவதுதான் முறை.

நேர வரிசை செய்யும் குழப்பம்

இந்தக் கட்டுரையின் உயிர்நிலை இந்தப் பகுதிதான். கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

பெங்களூர் ரயில் நிலையத்தில் இரண்டு டிக்கெட் கவுன்டர்கள் திறந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று ஒன்றை மூடிவிட்டு, இரண்டு வரிசைகளையும் ஒன்றாக நிற்கச் சொல்கிறார்கள். நியாயமாக என்ன செய்யலாம்? யார் முதலில் வந்தாரோ அவர் முன்னால். ஒவ்வொருவரும் வந்த நேரப்படி இரண்டு வரிசைகளும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும். டிக்கெட் வரிசைக்கு இது சரியான நியாயம். ஏனென்றால் வரிசையில் நிற்பவர் முன்னால் நிற்பவரோடு பேசிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

பேச்சுக்கு இந்த நியாயம் பொருந்தாது. பதில் என்பது ஒரு கேள்வியின் முகம் பார்த்து நிற்பது. பல மென்பொருள்கள் இரண்டு திரிகளை இணைக்கும்போது டிக்கெட் வரிசையைப் போலவே நேரத்தை மட்டும் பார்த்துக் கோக்கின்றன. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் வேறு திரியின் பதிவுகள் வந்து உட்கார்ந்துவிடுகின்றன.

2024 மார்ச் மாதம். பெங்களூரின் தண்ணீர்த் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்தது. அரசின் ஆழ்துளைக் கிணறுகளில் பாதிக்கு அருகில் வற்றிவிட்டன என்று மாநில அரசே சொல்லியிருந்தது. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. டேங்கர் விலைக்கு மாவட்ட நிர்வாகம் உச்சவரம்பு வைத்தது: 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டர் என்றால் 600 ரூபாய். எங்கள் கருத்துக்களத்தில் தண்ணீர் பற்றி ஒரே வாரத்தில் பல திரிகள் முளைத்தன. அவற்றில் இரண்டை நான்தான் இணைத்தேன். ஒன்றில் டேங்கர் விலை பற்றிய பேச்சு. இன்னொன்றில் யார் தண்ணீரை வீணடிக்கிறார்கள் என்ற வாக்குவாதம்.

டேங்கர் திரியில் ஒருவர் மாலை 4:10-க்கு, “600 ரூபாய்தான் விலை என்று அறிவித்திருக்கிறார்களாமே, உண்மையா?” என்று கேட்டிருந்தார். 4:15-க்கு ஓர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை, “ஆமாம், முழுக்க உண்மை. நானும் படித்தேன்” என்று பதில் எழுதியிருந்தார். வாக்குவாதத் திரியில் 4:12-க்கு இன்னொருவர், “அடுக்குமாடிக்காரர்களுக்கு இந்தத் தண்டனை வேண்டியதுதான்” என்று காரமாக எழுதியிருந்தார். இணைத்த பிறகு வரிசை என்ன? கேள்வி, அதற்கடுத்துக் காரமான பேச்சு, அதற்கடுத்து ஆசிரியையின் “ஆமாம், முழுக்க உண்மை”.

அவருடைய மகள் ஒயிட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடியில்தான் குடியிருக்கிறார். அன்றிரவு ஆசிரியை எனக்குத் தொலைபேசியில் பேசினார். “தம்பி, நான் யாருக்கும் ஆமாம் போடுகிறவள் இல்லை. நான் எதற்கு ஆமாம் சொன்னேன் என்பதை மாற்றிவிட்டீர்களே” என்றார். அவர் வாசகத்தில் நான் ஓர் எழுத்தைத் தொடவில்லை. அவர் சொன்னதோ முற்றிலும் சரி.

நம் பழைய ஏட்டுச்சுவடிகளைப் பற்றி அறிந்தவர்களுக்கு இது புதிதில்லை. ஓலைகளில் துளையிட்டுக் கயிற்றில் கோத்திருப்பார்கள். கயிறு அறுந்து இரண்டு நூல்களின் ஏடுகள் கலந்துவிட்டால், ஓர் ஏட்டின் கடைசி அடி சம்பந்தமே இல்லாத இன்னோர் ஏட்டின் முதல் அடியில் போய் முடியும். ஏட்டு எண்ணை மட்டும் நம்பி அடுக்கினால் இரண்டு நூலிலும் பத்தாம் ஏடு இருக்கும். உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் பிறழ்ந்தும் முறிந்தும் கிடந்த ஏடுகளைப் பல பிரதிகளோடு ஒப்பிட்டு, யாப்பையும் பொருளையும் பார்த்தே நூல்களை மீட்டார்கள். எண் வரிசையும் பொருள் வரிசையும் ஒன்றில்லை என்பதை அவர்கள் உழைப்பைவிட நன்றாகச் சொல்வது எதுவுமில்லை.

சில புதிய மென்பொருள்கள், இணைக்கும் பதிவுகளை நேரம் பார்க்காமல் மொத்தமாகக் கடைசியில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. அப்போது ஒவ்வொரு பேச்சும் தனக்குள் கலையாமல் இருக்கும். ஆனால் செவ்வாய்க்கிழமைப் பதிவுக்குக் கீழே அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைப் பதிவு வரும். எதுவும் குறையில்லாத வழி இல்லை. என்னைக் கேட்டால், இரண்டு திரிகளும் ஒரே நேரத்தில் சூடாக ஓடிக்கொண்டிருந்தால் இணைக்கவே கூடாது. ஒன்று ஓய்ந்து, மற்றது தொடங்கியிருந்தால் நேர வரிசை பெரிய தீங்கு செய்யாது.

இந்தப் பகுதியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இது: இணைத்தல் உங்கள் சொல்லைத் தொடாது, உங்கள் சொல்லுக்கு முன்னால் நிற்பதை மாற்றும். “ஆமாம்”, “அதேதான்”, “மேலே சொன்னவர்” போன்ற பதில்கள்தான் முதலில் அடிபடும்.

பழைய முகவரிக்கு வருபவர்

வீடு மாறுகிறீர்கள். பழைய வீட்டுக்காரரிடம் புது முகவரியைச் சொல்லிவிட்டுப் போவீர்கள்தானே? திரிக்கும் முகவரி உண்டு. அதை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார், யாரோ குறித்து வைத்திருப்பார், கூகுள் தேடலும் சேமித்திருக்கும். இணைத்த பிறகு அந்த முகவரிக்கு வருபவருக்கு இரண்டில் ஒன்று நடக்கும். “404, பக்கம் இல்லை” என்று கதவு அடைபடும். அல்லது அவருக்கே தெரியாமல் புதிய இடத்துக்குக் கொண்டுபோய் விடப்படுவார். இரண்டாவதற்குப் பெயர் வழிமாற்று. இணையத்தின் மொழியில் “நிரந்தரமாக இடம் மாறிவிட்டது” என்பதற்கு 301 என்று ஓர் எண்ணே வைத்திருக்கிறார்கள்.

தமிழ் விக்கிப்பீடியாவில் இதை நாள்தோறும் பார்க்கலாம். ஒரே பொருளைப் பற்றி இரண்டு கட்டுரைகள் இருந்தால் ஒன்றாக்கிவிட்டு, மற்ற பெயரை வழிமாற்றாக வைத்துவிடுகிறார்கள். எந்தப் பெயரில் தேடினாலும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேரலாம். 2000-ஆம் ஆண்டு வெளிவந்து உலகெங்கும் பரவிய பிஎச்பி-பிபி என்ற கருத்துக்கள மென்பொருளில், நகர்த்தும்போது பழைய பிரிவில் தலைப்பை மட்டும் ஒரு நிழலாக விட்டுச் செல்லும் வசதி உண்டு. அதன் பெயரே நிழல்தான். நல்ல பெயர்.

எம்.ஜி. ரோடு 1948 வரை சௌத் பரேட். பெயர் மாறிய பிறகும் பல்லாண்டுகள் பெரியவர்கள் பழைய பெயரையே சொன்னார்கள். வண்டிக்காரர்கள் சரியான இடத்தில் இறக்கிவிட்டார்கள். ஊர் மனிதர்கள் தலைக்குள் வைத்திருந்த அந்த வழிமாற்றைக் கருத்துக்களத்தில் யாராவது கைப்பட வைத்தால்தான் உண்டு. வைக்காமல் இணைப்பது, பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு யாரிடமும் சொல்லாமல் போவதுதான்.

முன்பு எப்படி இருந்தது?

1979-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் திட்டமிட்ட யூஸ்நெட் என்ற, பேச்சுக் குழுக்கள் கொண்ட கணினி வலையமைப்பில், ஒவ்வொரு பதிவும் உலகின் பல கணினிகளுக்குப் பிரதியாகப் போய்விடும். எனவே பிறகு அதை எடுத்து வேறிடத்தில் வைக்க யாராலும் முடியாது. “இனி அந்தக் குழுவில் பேசுவோம்” என்று கேட்டுக்கொள்ளத்தான் முடியும். 1987-இல் குழுக்களையெல்லாம் ஏழு பெரும் பிரிவுகளாகப் பெயர் மாற்றி அடுக்கினார்கள். பின்னாளில் தமிழர்கள் கூடிய சோக்.கல்ச்சர்.தமிழ் குழுவும் அந்த அடுக்கில் “சோக்” என்ற சமூகப் பிரிவின் கீழ் வந்ததுதான்.

மின்னஞ்சல் இன்னும் சுவையானது. 1982-இல் வெளிவந்த மின்னஞ்சல் தரநிலையிலேயே, “இது எந்தக் கடிதத்துக்குப் பதில்” என்று குறிக்க ஓர் இடம் இருந்தது. பதில் தன் தாயைக் கையில் பிடித்துக்கொண்டே இருக்கும். எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அந்தப் பிடி விடாது. ஆசிரியையின் “ஆமாம்” எந்தக் கேள்விக்கு என்று அங்கே சந்தேகமே வந்திருக்காது. வலையில் வந்த கருத்துக்களங்கள் படிக்க எளிதாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் ஒரே நேர்கோட்டில் அடுக்கின. ஒரே கட்டளையில் இணைக்கும் வசதி கிடைத்தது. அந்தப் பிடி பலவற்றில் போய்விட்டது.

வாட்ஸ்அப் குழுவில் இப்படித் திரிகளை இணைப்பது கிடையாது. அங்கே பழகிவிட்டு இங்கே வருபவர்களுக்குத் தங்கள் பதிவு இடம் மாறுவது அதிர்ச்சியாக இருப்பது இயல்பு.

இணைக்காமலும் இருக்கலாம்

2008-இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃபுளோ என்ற நிரலாளர் கேள்வி–பதில் தளம், ஏற்கெனவே பதில் இருக்கும் கேள்வியைப் பெரும்பாலும் இணைப்பதில்லை. “இதற்குப் பதில் அங்கே இருக்கிறது” என்று மேலே பலகை வைத்து, புதிய பதில்களை நிறுத்திவிடுகிறது. கேள்வி அப்படியே நிற்கும். வேறு சொற்களில் தேடி வருபவருக்கு அதுவே வழிகாட்டி. ஒரே ஊருக்கு நான்கு எழுத்துக்கூட்டல் உள்ள தமிழுக்கு இந்த வழி மிகவும் பொருந்தும் என்பது என் எண்ணம். “காவேரி” என்று தேடுபவருக்குக் “காவேரி” என்ற தலைப்பு கிடைக்கட்டும். அது அவரைக் “காவிரி” திரிக்கு அனுப்பட்டும்.

பிரித்தல் என்பது இணைத்தலுக்கு நேர் எதிர். ஒரு திரியில் கிளைத்த பேச்சை எடுத்துப் புதிய எண் கொடுத்துத் தனியே வைப்பது. காலம் மாறும்போது இது அவசியமாகிறது. 2024 அக்டோபர் 16 அன்று காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டது. நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர், மாநகராட்சியோடு ஏற்கெனவே சேர்ந்திருந்த 110 கிராமப் பகுதிகளுக்காக. அந்த நாளுக்கு முன் எழுதிய “எங்கள் பக்கம் காவிரி இணைப்பே கிடையாது” என்ற பதிவும், அதற்குப் பின் எழுதிய “இணைப்புக்கு விண்ணப்பிப்பது எப்படி” என்ற பதிவும் ஒரே திரியில் இருந்தால், புதிதாகக் குடிவந்தவர் எதை நம்புவார்? தலைப்பு ஒன்றாக இருந்தாலும் காலம் வேறானால் திரியும் வேறாக இருக்கட்டும்.

உங்கள் பதிவைக் காணவில்லை என்றால்

முதலில் உங்கள் பெயர்ப் பக்கத்துக்குப் போய் “என் பதிவுகள்” பட்டியலைப் பாருங்கள். அது திரி எண்ணைப் பொருட்படுத்தாமல், எழுதியவர் யார் என்பதை மட்டும் பார்த்துத் திரட்டுவது. அங்கே இருந்தால் பதிவு உயிரோடு இருக்கிறது. அதைச் சொடுக்கினால் இப்போது எங்கே வாழ்கிறது என்றும் தெரியும். அங்கேயும் இல்லை என்றால் பெரும்பாலும் மறைத்திருக்கிறார்கள் அல்லது அழித்திருக்கிறார்கள். அப்போது காரணம் கேட்பது உங்கள் உரிமை.

இணைத்திருக்கிறார்கள் என்றாலும் கேட்கலாம். பழைய முகவரிக்கு வழிமாற்று வைத்தீர்களா? இணைத்த இடத்தில், “இதற்கு மேல் ஒரு திரி, இதற்குக் கீழ் இரண்டும் கலந்தது” என்று ஒரு குறிப்பு எழுதினீர்களா? என் பதில் யாருக்குச் சொன்னது என்று இப்போது புரிகிறதா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல முடியாத மட்டுறுத்துனர் தன் வேலையைப் பாதியில் விட்டவர். அந்த மார்ச் மாதம் இவற்றில் ஒன்றுகூட நான் செய்திருக்கவில்லை. எங்கள் மென்பொருளில் குறிப்பேடும் இல்லாததால், அறுபதுக்கும் மேற்பட்ட பதிவுகளை ஒவ்வொன்றாகப் படித்து, எது எந்தத் திரியைச் சேர்ந்தது என்று பேச்சின் போக்கை வைத்தே பிரித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆயிற்று. இரண்டு பதிவுகள் எங்கிருந்து வந்தவை என்று எனக்குப் புரியவேயில்லை. எழுதியவர்களையே கேட்டுத்தான் வைத்தேன்.

எழுதுபவர்கள் செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. யாருக்குப் பதில் எழுதுகிறீர்களோ அவருடைய ஒரு வரியை மேற்கோளாக எடுத்து வைத்துவிட்டு எழுதுங்கள். “மேலே” என்ற சொல்லைத் தவிர்த்து, பெயரைச் சொல்லுங்கள். மின்னஞ்சலில் இருந்த அந்தப் பிடியை நீங்களே கையால் போட்டுக்கொள்வதுபோல் அது.

அந்த ஆசிரியை இன்றும் எழுதுகிறார். அவருடைய ஒவ்வொரு பதிலும் இப்போது ஒரு கடிதத்தைப் போலத்தான் தொடங்குகிறது: “செவ்வாய் மாலை டேங்கர் விலை பற்றிக் கேட்ட விவேக் நகர் தம்பிக்கு.” அதன் பிறகுதான் “ஆமாம்”.